பழைய பிஎம்டபிள்யூ ஈ30 காருக்கு லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் தேடி வாங்கிப் பொருத்தும் முறை

1982ஆம் ஆண்டு அறிமுகமாகி 1994 வரை தயாரான பிஎம்டபிள்யூ மூன்றாம் வரிசைக் கார்களை, அவற்றை வைத்திருப்போர் ஈ30 என்ற உள்குறியீட்டாலேயே அழைக்கின்றனர். பின்சக்கரங்களால் இயங்கும் இக்கார்களில் பெரும்பாலானவை சாதாரண டிஃபரன்ஷியலுடன்தான் (எஞ்சின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) தொழிற்சாலையை விட்டு வெளியேறின. எம்3 காருக்கும் அமெரிக்கச் சந்தைக்கு அனுப்பப்பட்ட 325ஐஎஸ் காருக்கும், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் உடன்வந்த உறுப்பாக இருந்தது. மற்ற வகைகளில் பெரும்பாலானவற்றை வாங்கியவர்கள் கூடுதல் பணம் கட்டிக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. ஆகவே இன்று ஒரு 325ஐ காரை வாங்குபவரின் வண்டியில் அது இல்லாமலிருக்கலாம். அது இருந்தாலும், முப்பது ஆண்டுத் தேய்மானத்தால் பெயரளவில் மட்டுமே இருக்கலாம். இவ்விரு நிலைகளிலும் வேறொன்றைத் தேடிப் பொருத்துவது எப்படி என்பதையே இங்கே சொல்கிறேன். கழற்றி மாட்டும் வேலை ஒரு நாளில் முடிந்துவிடக்கூடியது. சரியான ஒன்றை அடையாளம் கண்டு வாங்குவதில்தான் பணமும் காலமும் வீணாகின்றன. எனவே வாங்கும் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அந்த வேறுபாட்டை அனுமதிப்பதே டிஃபரன்ஷியலின் பணி. சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையையே தரும் என்பதால், ஒரு சக்கரம் பிடிமானத்தை இழந்து வீணாகச் சுழலும்போது மற்றச் சக்கரத்துக்கும் அந்த அற்ப விசைக்கு மேல் எதுவும் கிடைக்காது. ஈ30 காரில் வரும் லிமிடெட் ஸ்லிப் வகை, இசட்எஃப் நிறுவனத்தின் கிளட்ச் பிளேட் அமைப்பைக் கொண்டது. பல்சக்கரங்களைத் தாங்கும் குறுக்குத் தண்டு, எஞ்சின் விசை ஏறும்போது சரிவான பள்ளங்களில் ஏறி, இரு பக்கமும் உள்ள அழுத்த வளையங்களை வெளிநோக்கித் தள்ளுகிறது. அவை கிளட்ச் பிளேட்டுகளை நெருக்குகின்றன. அந்த உராய்வால் இரு ஆக்சில்களும் ஓரளவு பிணைக்கப்படுகின்றன. எஞ்சின் விசை இல்லாதபோதும் சிறிதளவு அழுத்தம் நிலைத்திருப்பதற்காகத் தட்டு வடிவ ஸ்பிரிங்குகள் வைக்கப்பட்டிருக்கின்றன.

பிஎம்டபிள்யூ குறிப்பிடும் 25 சதவீதப் பூட்டு என்பது, இரு சக்கரங்களுக்கும் போகும் முறுக்குவிசைகளுக்கு இடையிலான வேறுபாடு மொத்த விசையில் கால் பங்கு வரை போகலாம் என்பதாகும். அதாவது எல்லை நிலையில் 62.5க்கு 37.5 என்ற பங்கீடு கிடைக்கும். ஒரு சக்கரம் முழுதும் பிடிமானமற்ற பனிக்கட்டியின் மீது நின்றால், ஸ்பிரிங்குகள் தரும் தொடக்க அழுத்தத்தை நம்பித்தான் கார் நகர வேண்டும். பிளேட்டுகள் தேய்ந்து அந்த அழுத்தம் போய்விட்டால், பெயர் எதுவாக இருந்தாலும், அது சாதாரண டிஃபரன்ஷியலைப் போலவே நடந்துகொள்ளும். பழைய பொருளை வாங்கும் முன் சோதிக்க வேண்டியது இதைத்தான்.

எந்த அளவு, எந்த விகிதம்

ஈ30 கார்களில் இரண்டு அளவான டிஃபரன்ஷியல்கள் பயன்பட்டன. உள்ளே உள்ள கிரவுன் வீல் எனும் பெரிய பல்சக்கரத்தின் விட்டத்தைக் கொண்டு சிறியதை 168 என்றும் நடுத்தரமானதை 188 என்றும் குறிப்பிடுவர். இரண்டும் மில்லிமீட்டர் கணக்கு. 316, 318ஐ போன்ற நான்கு சிலிண்டர்க் கார்கள் பலவற்றில் சிறியதும், 325ஐ, எம்3 ஆகியவற்றில் நடுத்தரமானதும் உள்ளன. ஒரே அளவுக்குள் மாற்றுவது நேரடியான வேலை. சிறியதைக் கழற்றிவிட்டு நடுத்தரத்தைப் பொருத்த விரும்புவோர், டிஃபரன்ஷியலை மட்டும் வாங்கினால் போதாது. புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்கு வரும் தண்டு), ஆக்சில் ஷாஃப்ட்டுகள் (அங்கிருந்து சக்கரங்களுக்குப் போகும் தண்டுகள்) உட்பட அதனுடன் சேர்ந்தவை அனைத்தையும் ஒரே காரிலிருந்து எடுப்பதே நல்லது. தனித்தனியாக வாங்கிச் சேர்த்தவர்கள் நீளத்திலோ போல்ட் துளைகளின் வட்டத்திலோ ஏதேனும் ஒரு பொருத்தமின்மையைச் சந்திப்பது வழக்கம்.

அடுத்தது பல் விகிதம், அதாவது சக்கரம் ஒருமுறை சுழல புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுழல வேண்டும் என்ற எண். 325ஐ காரில் பரவலாகக் காணப்படுவது 3.73. சிக்கனத்துக்காக வடிவமைக்கப்பட்ட 325இ காரில் 2.93 அல்லது 2.79 கிடைக்கும். எம்3 காருக்கு ஐரோப்பாவில் 3.25 விகிதமும் அமெரிக்காவில் 4.10 விகிதமும் தரப்பட்டன. எண் பெரிதானால் வேகம் எடுப்பது சுறுசுறுப்பாகும். நெடுஞ்சாலையில் எஞ்சின் சத்தமும் பெட்ரோல் செலவும் கூடும். கணக்குப் போட்டே முடிவெடுக்கலாம். 195/65ஆர்14 டயரின் சுற்றளவு சுமார் 1.9 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 877 முறை சுழலும். ஐந்தாம் கியர் 0.81 விகிதமுள்ள கியர்பாக்ஸுடன் 3.73 டிஃபரன்ஷியல் இருந்தால் எஞ்சின் சுமார் 2,650 சுற்றுகளில் ஓடும், 4.10 ஆனால் 2,900ஐத் தாண்டும், 3.25 ஆனால் 2,300 அளவில் நிற்கும். தினமும் ஓட்டும் 325ஐ காருக்கு 3.73ஐ விட்டு விலக வேண்டிய காரணம் எதையும் நான் காணவில்லை. 4.10 போட்டுவிட்டு நீண்ட பயணத்தில் நொந்துகொள்பவர்களே அதிகம்.

ஈ30 காரின் ஸ்பீடோமீட்டர் தன் சமிக்ஞையைக் கியர்பாக்ஸிலிருந்து பெறுவதில்லை என்பதும் இங்கே நினைவில் இருக்க வேண்டும். டிஃபரன்ஷியலின் பின்மூடியில் உள்ள சென்சார், கிரவுன் வீலுடன் சேர்ந்து சுழலும் ஒன்பது பற்கள் கொண்ட சிறு சக்கரத்தைப் படித்து அனுப்புகிறது. கிரவுன் வீல் சக்கரங்களின் சராசரி வேகத்திலேயே சுழல்வதால், விகிதத்தை மாற்றினாலும் ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டாது. ஆனால் வாங்கும் டிஃபரன்ஷியலில் அந்தப் பற்சக்கரம் இல்லையென்றால் முள் அசையவே அசையாது. அடுத்த தலைமுறையான ஈ36 கார்களில் இருந்து எடுத்த 188 அளவு டிஃபரன்ஷியலை, அந்தத் தலைமுறை அமெரிக்க எம்3 காரின் 3.23 விகிதத்துக்காகச் சிலர் விரும்பி வாங்குகிறார்கள். அதைப் பொருத்தலாம், ஆயினும் பின்மூடி ஈ30 காருடையதாக இருக்க வேண்டும், பக்கவாட்டு ஃபிளாஞ்சுகளை (ஷாஃப்ட் போல்ட்டால் இணையும் வட்டத் தகடுகள்) பழைய ஆக்சில் ஷாஃப்ட்டுக்கு ஏற்றவையாக மாற்ற வேண்டும், மேற்சொன்ன பற்சக்கரம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்க்க வேண்டும்.

பொருளைச் சோதித்தல்

தொழிற்சாலையில் பொருத்திய டிஃபரன்ஷியலின் பின்மூடி போல்ட் ஒன்றில் ஒரு சிறு தகடு மாட்டப்பட்டிருக்கும். அதில் விகித எண் இருக்கும். லிமிடெட் ஸ்லிப் வகையானால் எண்ணுக்கு முன் ‘எஸ்’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். விற்பவர்கள் அனைவரும் இந்தத் தகட்டைத்தான் படமெடுத்துக் காட்டுவார்கள். ஒரு போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் தகட்டை வைத்து விலை பேசுவது அறிவுடைமையன்று. அடையாள எண்ணைக் கொண்டு அந்தக் கார் வெளிவந்தபோது என்னென்ன உறுப்புகளுடன் வந்தது என்ற பட்டியலைப் பார்த்தால், 209 என்ற குறியீடு லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலைக் குறிக்கும். அதுவும் கார் பிறந்தபோது இருந்ததைத்தான் சொல்லுமே தவிர, இன்று அதனடியில் தொங்குவது எது என்பதைச் சொல்லாது.

ஆகவே கையால் சோதிப்பதே முறை. தரையில் வைத்த டிஃபரன்ஷியலின் ஒரு பக்க ஃபிளாஞ்சைத் திருப்புங்கள். மறுபக்க ஃபிளாஞ்ச் அதே திசையில் திரும்பினால் கிளட்ச் பிளேட்டுகளில் உயிர் இருக்கிறது. எதிர்த்திசையில் திரும்பினால், அது சாதாரண வகை, அல்லது முற்றிலும் தேய்ந்துபோன லிமிடெட் ஸ்லிப் வகை. பின்பு பினியன் ஃபிளாஞ்சை (கிரவுன் வீலைச் சுழற்றும் சிறு பல்சக்கரமான பினியனோடு புரொப்பல்லர் ஷாஃப்ட் இணையும் முன்பக்கத் தகடு) ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, பக்க ஃபிளாஞ்சை வெறுங்கையால் திருப்ப முயலுங்கள். நல்ல நிலையில் உள்ளது எளிதில் அசைந்து கொடுக்காது. கார் இன்னும் ஓடும் நிலையில் இருந்தால் மேலும் துல்லியமாக அளக்கலாம்: ஒரு பின்சக்கரம் தரையில் இருக்க, மற்றதை மட்டும் உயர்த்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, கைபிரேக்கை விடுவித்து, கியரை நியூட்ரலில் வைத்து, உயர்த்திய சக்கரத்தின் நடு நட்டில் டார்க் ரெஞ்சைப் (முறுக்குவிசையை அளந்து காட்டும் சாவி) பொருத்தித் திருப்பினால், எந்த விசையில் நழுவத் தொடங்குகிறது என்பது தெரியும். அந்த எண்ணைப் பணிமனைக் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும்.

விகிதத்தையும் எண்ணிப் பார்க்கலாம். பினியன் ஃபிளாஞ்சிலும் பக்க ஃபிளாஞ்சிலும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, இரு பக்க ஃபிளாஞ்சுகளும் ஒன்றாகச் சுழலும்போது பத்துச் சுற்றுக்குப் பினியன் எத்தனை முறை சுழல்கிறது என்று எண்ணுங்கள். 37 முறையும் சற்றே அதிகமும் என்றால் 3.73, சரியாக 41 என்றால் 4.10. ஒரே சுற்றை வைத்து எண்ணினால் 3.64க்கும் 3.73க்கும் வேறுபாடு பிடிபடாது.

பின்மூடியைக் கழற்ற விற்பவர் சம்மதித்தால் எல்லா ஐயமும் தீரும். சாதாரண வகையில், கிரவுன் வீலைத் தாங்கும் கூட்டின் பெரிய திறப்பு வழியே சிறு பல்சக்கரங்கள் தெளிவாகத் தெரியும்; லிமிடெட் ஸ்லிப் வகையின் கூடு பெரும்பாலும் மூடிய உருளையாக இருக்கும். பற்களின் முகத்தில் குழிகளோ உடைந்த மூலைகளோ இருக்கக்கூடாது. வடிந்த ஆயிலில் கரிய பசை போன்ற நுண்துகள் இருப்பது இயல்பு. விரலில் உறுத்தும் உலோகச் சில்லுகள் இருந்தால் வாங்காமல் திரும்புவதே மேல். பினியன் ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். சுழலும் திசையில் சிறு ஆட்டம் இருக்கலாம், அது பற்களுக்கு இடையில் வேண்டுமென்றே விடப்பட்ட இடைவெளி. ஆனால் மேலும் கீழும் ஆடினால் பேரிங் போய்விட்டது என்று பொருள். அப்படிப்பட்டதைப் பொருத்தினால் மணிக்கு 80 கி.மீ. வேகத்திலேயே ஊளைச் சத்தம் தொடங்கிவிடும்.

லிமிடெட் ஸ்லிப் கூட்டை மட்டும் மலிவாக வாங்கித் தங்கள் பழைய டிஃபரன்ஷியலின் கிரவுன் வீலை அதில் மாட்டிவிடலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். கொள்கையளவில் அது இயலும். ஆனால் பக்கப் பேரிங்குகளின் அழுத்தமும், கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் இடையிலான இடைவெளியும், பற்கள் ஒன்றையொன்று தொடும் இடமும் மெல்லிய சிம் தகடுகளால் நிர்ணயிக்கப்படுகின்றன. அவற்றை அளந்து சரிசெய்ய டயல் கேஜும் அனுபவமும் தேவை. இவ்விரண்டும் இல்லாதவர் ஹவுசிங்கோடு முழு டிஃபரன்ஷியலையே வாங்க வேண்டும். வாங்கியது தேய்ந்திருந்தால், கிளட்ச் பிளேட்டுகளும் ஸ்பிரிங்குகளும் அடங்கிய புதுப்பிப்புத் தொகுப்புகள் கிடைக்கின்றன. பிளேட்டுகளைக் கூட்டி அடுக்கி 40 சதவீதப் பூட்டு வரை உயர்த்தித் தருபவர்களும் இருக்கிறார்கள். பந்தயத் திடலுக்குப் போகாதவருக்கு 25 சதவீதமே போதும்.

பொருத்தும் முன்

புதிதாக வந்தது வெளியே இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலைகளைச் செய்துவிட வேண்டும், ஏனெனில் காரின் அடியில் படுத்துக்கொண்டு செய்யும்போது அவை ஒவ்வொன்றும் இருமடங்கு கடினமாகிவிடும். பக்க ஃபிளாஞ்சுகளை இருபுறமும் நெம்புகோல் கொடுத்துச் சீராக இழுத்தால் உள்ளே உள்ள வளையக் கிளிப் விட்டு வெளியே வரும். ஆயில் சீலை மாற்றி, கிளிப்பையும் புதியதாகப் போட்டு மீண்டும் தட்டி உட்காரவைக்கலாம். பக்கப் பேரிங் மூடிகளைக் கழற்ற நேர்ந்தால் அவற்றின் சிம் தகடுகளை இடது, வலது மாறாமல் கட்டிவையுங்கள். மாறினால் பற்களின் இடைவெளியே மாறிப்போகும். பினியன் சீல் கசியாமல் இருந்தால் அதைத் தொடாதீர்கள். அதன் நட்டைக் கழற்றியே ஆக வேண்டுமானால், நட்டும் தண்டும் இருந்த நிலையைக் குறியிட்டு, இறுக்கும்போது அதே குறிக்குக் கொண்டுவர வேண்டும். நட்டுக்குப் பின்னால் நசுங்கும் வகைக் குழாய் ஒன்று இருப்பதால், குறியைத் தாண்டி இறுக்கினால் பேரிங் அழுத்தம் மிகுந்து, விரைவில் வெந்துபோகும்.

பின்மூடியில் உள்ள பெரிய ரப்பர் புஷ், இத்தனை ஆண்டுகளில் வெடித்துப் பிளந்திருப்பது ஏறக்குறைய உறுதி. கியர் மாற்றும்போது பின்னாலிருந்து கேட்கும் ‘டொக்’ என்ற ஒலிக்குப் பல நேரங்களில் அதுவே காரணம். இப்போதே அழுத்திக் கழற்றிப் புதியதைப் போடுங்கள். மேலே உள்ள காற்றுத்துளை மூடியில் மண் அடைத்திருந்தால் சூட்டில் உள்ளழுத்தம் ஏறி, புதிய சீல்களும் கசியும். துளையைச் சுத்தம் செய்ய ஒரு நிமிடம் கூட ஆகாது. பின்மூடியைப் புதிய கேஸ்கட்டுடன் மூடி, ஸ்பீடோமீட்டர் சென்சாரின் ரப்பர் வளையத்தையும் மாற்றிவிடுங்கள்.

கழற்றி மாட்டுதல்

காரின் பின்பகுதியை உயர்த்தி, உறுதியான இடங்களில் தாங்கிகளை நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக்கூடாது. முதலில் ஆயில் நிரப்பும் மூடியைத் திறந்து பாருங்கள். அது திறக்கும் என்று உறுதியான பின்னரே கீழே வடிக்கும் மூடியைத் தொட வேண்டும். இரண்டுக்கும் 14 மி.மீ. ஆலன் சாவி தேவை. சைலன்சரின் பின்பகுதி வழியில் குறுக்கிடுவதால் அதை இறக்கிவைக்க வேண்டும்.

புரொப்பல்லர் ஷாஃப்ட் ஃபிளாஞ்சும் பினியன் ஃபிளாஞ்சும் சேருமிடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டபின் நான்கு நட்டுகளையும் கழற்றுங்கள். பழைய டிஃபரன்ஷியலையே திரும்ப மாட்டுவதானால் அந்தக் குறி அதிர்வைத் தவிர்க்கும். வேறொன்றை மாட்டும்போது குறி பயன்படாது, அதிர்வு வந்தால் ஃபிளாஞ்சைத் துளைக்குத் துளை திருப்பிப் பொருத்திப் பார்க்கலாம். ஆக்சில் ஷாஃப்ட் ஒவ்வொன்றின் உள்முனையிலும் ஆறு போல்ட்டுகள் உண்டு. அவற்றின் தலைக்குழியில் பல்லாண்டு அழுக்கும் கிரீசும் இறுகியிருக்கும். கூரான கம்பியால் அதைக் குடைந்தெடுத்து, சாவியைச் சுத்தியலால் தட்டி ஆழமாக உட்காரவைத்த பிறகே திருப்ப வேண்டும். இதைச் செய்யாமல் அவசரப்பட்டால் தலை வழுக்கிவிடும். அதன்பின் அந்த ஒரு போல்ட் அன்றைய பொழுதை விழுங்கிவிடும். விடுபட்ட ஷாஃப்ட்டுகளைத் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி நிறுத்துங்கள். இல்லையெனில் வெளிமுனை மூட்டும் அதன் ரப்பர் உறையும் கெடும்.

சென்சாரின் மின்இணைப்பை எடுத்துவிட்டு, டிஃபரன்ஷியலுக்கு அடியில் தட்டையான தலை உள்ள ஜாக்கியை வையுங்கள். இதன் எடை 30 கிலோவுக்கு மேல் இருக்கும்; மார்பில் தாங்கி இறக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். பின்மூடிப் புஷ்ஷின் ஒற்றை போல்ட்டை முதலிலும், முன்பக்கத்தில் சப்ஃபிரேமுடன் (பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) பிணைக்கும் நான்கு போல்ட்டுகளை அடுத்தும் கழற்றி, மெல்ல இறக்குங்கள்.

மாட்டும்போது வரிசை தலைகீழ். எல்லாப் போல்ட்டுகளையும் கையால் சில சுற்றுகள் ஏற்றிய பிறகே எதையும் இறுக்க வேண்டும். முன்பக்க நான்கையும் முழுதாக இறுக்கிவிட்டுப் பின்பக்கப் போல்ட்டைத் தேடினால் துளைகள் நேராக நிற்காது. புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் பூட்டு நட்டுகள் ஒருமுறைப் பயனுக்கானவை, புதியவற்றையே போடுங்கள். இறுக்கும் விசைகளைக் காரின் ஆண்டுக்கும் போல்ட்டின் தரத்துக்கும் உரிய கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் ஈ30 தயாரான காலத்திலேயே ஷாஃப்ட் போல்ட்டுகளின் வகை மாறியிருக்கிறது.

ஆயிலும் முதல் ஓட்டமும்

கிளட்ச் பிளேட் வகைக்கு, லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்கென்றே உராய்வு மாற்றி கலந்து விற்கப்படும் கியர் ஆயில்தான் தேவை. 188 அளவுக்குச் சுமார் 1.7 லிட்டர் பிடிக்கும். கார் சமதளத்தில் நிற்க, நிரப்பும் துளையின் விளிம்பில் வழியும்வரை ஊற்றுவதே சரியான அளவு. உராய்வு மாற்றி குறைந்தால், மெதுவாகத் திரும்பும்போது பின்புறம் தடதடவென்று நடுங்கும். தனியாக வாங்கி அதிகம் கலந்தால் பூட்டும் திறனே குறையும். எனவே கலந்தே வரும் ஆயிலை வாங்கி அப்படியே ஊற்றுவது பாதுகாப்பானது.

பிளேட்டுகளைப் புதுப்பித்திருந்தால், வெற்றுத் திடல் ஒன்றில் எட்டு வடிவத்தில் மெதுவாகச் சுற்றிச் சுற்றி ஓட்டி, பிளேட்டுகளின் முகங்கள் ஒன்றோடொன்று படிய விட வேண்டும். சில நூறு கிலோமீட்டர்களுக்குப் பின் அந்த முதல் ஆயிலை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். அப்போதே ஆக்சில் ஷாஃப்ட் போல்ட்டுகள் பன்னிரண்டையும் டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபார்த்துவிடலாம். தளர்பவை பெரும்பாலும் இவைதான்.

மழையில் ஓட்டும்போது ஒரு மாற்றத்தை உணர்வீர்கள். முன்பு வளைவில் விசை கொடுத்தால் உட்சக்கரம் மட்டும் வீணாகச் சுழன்று, கார் தன் பாதையில் நின்றது. இப்போது இரு சக்கரங்களும் ஒன்றாக நழுவி, பின்பகுதியே வெளியே வரக்கூடும். ஈ30 காரின் பின் சஸ்பென்ஷன் வளைவின் நடுவே திடீரென ஆக்சிலரேட்டரை விடுவதை விரும்பாத வகையைச் சேர்ந்தது. ஆகவே ஈரச் சாலையில் புதிய நடத்தையைப் பழகிக்கொள்ளும் வரை வலது காலை அடக்கியே வைத்திருங்கள்.

இரு பின்சக்கரங்களிலும் ஒரே அளவும் ஏறத்தாழ ஒரே தேய்மானமும் உள்ள டயர்கள் இருக்க வேண்டும்; சுற்றளவு வேறுபட்டால் நேர்சாலையிலும் பிளேட்டுகள் ஓயாமல் உரசிக்கொண்டிருக்கும். பஞ்சர் ஆகித் தேய்ந்த ஸ்டெப்னியைப் போட்டால் அதில் நீண்ட தூரம் ஓட வேண்டாம். இனி ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் உயர்த்திவிட்டு எஞ்சினை ஓட்டிக் கியரில் போடவும் கூடாது: தரையில் நிற்கும் சக்கரமும் விசை பெற்று, கார் ஜாக்கியிலிருந்து குதித்துவிடும். உங்கள் வண்டியைத் தொடும் மெக்கானிக்கிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.